தொடையில் கட்டிய வரைபடம்

என் தங்கச்சி புருஷன் விமானி. ஊரே அண்ணாந்து பார்க்கிற வேலை. நான் அதே விமான நிலையத்தில் எஞ்சின் மெக்கானிக். அவனை அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலித்ததே இல்லை. பார்சல் ஏற்றும் ஒற்றை எஞ்சின் விமானத்தைப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறான். ஆயில் மூடி எந்தப் பக்கம் என்று இன்னும் என்னைத்தான் கேட்பான்.

எங்கள் விமானக் கொட்டகையில் அவன் பெயர் ‘டேப்லெட்டு’. முன்பெல்லாம் விமானிகள் காகித வரைபடங்களைப் பை நிறையச் சுமந்து வருவார்கள். கையடக்க டேப்லெட் கொடுத்த அன்றே இவன் அந்தப் பையைக் குப்பையில் போட்டான். டேப்லெட்டைத் தொடையில் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு கேன்டீனுக்குப் போவான், கக்கூசுக்கும் போவான். அப்படி ஒரு மிதப்பு.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். வழி, மலை உயரம், கோபுரம், ஓடுபாதை எல்லாம் காட்டும். இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை இணையத்திலிருந்து புது வரைபடம் இறக்கிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் முந்தின நாளே வீட்டில் இறக்கிவிடுவார்கள். நம் ஆளின் கருவியில் இடம் ஏது? தான் தரையிறங்குவதைத் தானே பிடித்த வீடியோ மட்டும் நானூறு.

அன்று அவனுக்குப் பறக்கும் பரீட்சை. தேறினால் தலைமை விமானி. தங்கச்சி அதற்குள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். வரைபடம் காலாவதியாகிவிட்டது என்பது காலையில்தான் மாப்பிள்ளைத் துரைக்கு உறைத்தது.

“வீடியோவ அழிங்க மாப்ள, இடம் கிடைக்கும்,” என்றேன்.

“அதெல்லாம் ஞாபகத்துக்கு வச்சிருக்கேன் மச்சான்,” என்று பழைய வரைபடத்தை அழித்தான்.

ஆபீஸ் வைஃபை ஆமை வேகம். பாதி இறங்குவதற்குள் பரீட்சை நடத்தும் அம்மா வந்து விமானத்தில் ஏறிவிட்டார். நான் இறக்கைக்கு அடியில் நின்றிருந்தேன், கதவு திறந்திருந்தது.

“போற வழியைக் காட்டுங்க.”

காட்டினான். ஆற்றங்கரை வரைக்கும் வரைபடம். அதற்கு அப்பால் வெறும் சாம்பல் நிறம்.

“இங்க ஒரு மலை இருக்கணுமே?”

“போகப் போக வந்துரும் மேடம்.”

“மலையா?”

“இல்ல... மேப்பு.”

“மேல யாரு உங்களுக்கு வைஃபை போட்டு வச்சிருக்கா?”

எனக்குச் சிரிப்பை அடக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

“சரி, காகித மேப்பு? இன்னொரு கருவி?”

போனை நீட்டினான். அதைத் திறந்தால் அதிலும் அவன்தான் தரையிறங்கிக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா கையிலிருந்த ஃபைலை மூடினார். இறங்கி வந்து, “சக்கரத்துக்குக் கட்டை போட்டுருங்க. இன்னிக்கு இது எங்கயும் போகாது,” என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

கொஞ்ச நேரத்தில் தங்கச்சி போன் செய்தாள்.

“அண்ணே, அங்க மழையாமே? பரீட்சைய தள்ளி வச்சுட்டாங்கன்னு அவரு சொல்றாரு.”

துரை எனக்கு எதிரே நின்று, கண்ணாலேயே கெஞ்சினான். தரை கொதித்தது, மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை.

“மழையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா,” என்றேன். “உம் புருஷன் ஃபெயிலு.”