மஞ்சள் வரிக்கு யார் கையெழுத்து?

புரோகிராம் எழுதும் தொழிலில், ஓட்டத்தை நிறுத்தும் பிழைக்குத்தான் மரியாதை. சிவப்பு எழுத்து வந்தால் மேலிடமே ஓடிவரும். மஞ்சள் எழுத்தில் வரும் எச்சரிக்கையோடு மாரடிப்பவர்களை, அதாவது உங்களையும் என்னையும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் தொழிற்சங்கத் துண்டறிக்கை படித்து வளர்ந்தவன். எண்ணூர்ப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில், வாயிற்கூட்டம் போட்டுப் பேசுகிறேன் என்று என்னைக் கம்ப்யூட்டர் அறைக்குத் தள்ளினார்கள். அதையும் கையேடு படித்தே கற்றேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

இரண்டு வார்னிங்

பம்ப் ஷெட்டில் அமோனியா கசிந்தால் சென்சார் கண்டுபிடிக்கும். எங்கள் புரோகிராம் அதை ஷெட் வாசல் திரையில் எண்ணாகக் காட்டும். உப்புக்காற்றில் ஒயர் அரித்து சென்சார் அடிக்கடி ஊமையாகிவிடும். அப்போதும் புரோகிராம் நிற்காது. கடைசியாக வந்த எண்ணையே, அது சைபராக இருந்தால் சைபரையே, வாசலில் காட்டிக்கொண்டு, 'பதில் இல்லை, பழைய அளவு' என்று எங்கள் அறையில் மட்டும் ஒரு மஞ்சள் வரி போடும்.

மேலாளரிடம் போனேன். "தொழிலாளிக்கு ரெண்டு வார்னிங் மெமோ குடுத்தா மூணாவதுல வூட்டுக்கு அனுப்புறீங்க. இது நாள் பூரா வார்னிங் குடுக்குதே?"

"மெமோன்னா வாங்கினவன் கையெழுத்துப் போடணும். இதுக்கு யார் சார் போடறது? ஓடுது இல்ல, விடுங்க."

வாய்ப்பூட்டு

வெளியாட்கள் சோதனைக்கு வருவதாகச் செய்தி. திரையெல்லாம் மஞ்சளாக இருந்தால் அசிங்கமாம். சென்சார் ஊமையானால் எண்ணுக்குப் பதில் வெறுங்கோடு காட்டி பம்பை நிறுத்தும்படி நான் எழுதியதை ஒதுக்கினார்கள், உற்பத்தி கெடுமாம். எச்சரிக்கை வந்தால் விழுங்கிவிடும்படி எழுதச் சொன்னார்கள். எழுதியவள் என் பக்கத்து இருக்கை திவ்யா, காலடிப்பேட்டைப் பெண். "ஏம்மா இப்படிப் பண்ணே?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் எதையும் அழிக்கலண்ணே. வாயை மட்டும்தான் மூடினேன்."

கேன்டீன் சுவர்

எனக்குத் தெரிந்த ஆயுதத்தை எடுத்தேன். 'சைபரை நம்பாதே! சென்சார் செத்திருக்கலாம்!' என்று நோட்டீஸ் எழுதி கேன்டீனில் ஒட்டினேன். பம்ப் ஷெட் தொழிலாளி ஆரோக்கியம் அதை மேடைக்குரலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினான். கல்மண்டபத்துக்காரன். போராட்டத்தில் என்னோடு போலீஸ் லாரியில் ஏறிக் கைதானவன். அவன் கோஷம் போட்டால் அடுத்த ஆலைக்குக் கேட்கும்.

"இன்னா தலிவரே, போனஸுக்கு நோட்டீஸ் போட்டே, சரி. இப்போ ஒயருக்குமா? அதான் சைபர் காட்டுதே, இன்னாத்துக்கு பேஜாரு?"

கேன்டீனே சிரித்தது.

ஓடுது

நோட்டீஸைக் கிழித்துவிட்டு எனக்கொரு மெமோ கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் ஆரோக்கியம் ஷெட் வாசலில் திரையைப் பார்த்தான். சைபர். உள்ளே போனான். சென்சார் காலையிலிருந்தே ஊமை. உள்ளே குழாய் கசிந்துகொண்டிருந்தது. தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். எங்கள் அறைக்கு ஓடிவந்த மேலாளர் முதலில் கேட்டது, புரோகிராம் நின்றதா என்று. நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவனுக்குத் தொண்டை வெந்திருந்தது. "மூச்சு எப்படிடா?" என்று கேட்டுவிட்டு, அவன் வாயருகே காதை வைத்தேன்.

"ஓடிகினு கீது தலிவரே. சவுண்டுதான் வர்ல."

மஞ்சள் வரி இப்போது திரும்ப வந்துவிட்டது. அதைப் படிக்க என்னை வைத்திருக்கிறார்கள், பம்பை நிறுத்த யாரையும் வைக்கவில்லை.