கத்தரிக்கத் தெரிந்த உயிர்

கனகவல்லி அக்கா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. கொண்டுவந்த எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் தண்டபாணி, நிலையில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் தெருவில் நின்றபடியே சொன்னார்: "காலையில மேடம் தவறிட்டாங்கம்மா. நெஞ்சுவலி. சொந்த ஊரு கீழ்பென்னாத்தூருக்கு எடுத்துக்கினு போறாங்க."

உள்ளே என் மகள் தட்டம்மையில் கிடந்தாள். அம்மை கண்ட வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குப் போவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமியார் தடுக்கவில்லை. "போய்ட்டு வந்து கொழந்தையத் தொடுவியா?" என்று மட்டும் கேட்டார். நான் போகவில்லை. அங்கே போய் அழ முடியாததால், கல்லூரி மலரில் இதைத் தாமதமாக எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவர் 'கையுறை மேடம்'. தாவரவியல் துறையில் நான் செய்முறை வகுப்பு உதவியாளராகச் சேர்ந்தபோது, அவர் சென்னையில் வேர்க்கடலை இலையின் வைரஸ் பற்றி ஆய்வு முடித்துவிட்டுச் சொந்த ஊர்ப் பக்கமே விரிவுரையாளராக வந்திருந்தார். சோதனைக் குழாய்களை வெறுங்கையால் தொட்டால் கத்துவார். நம் விரல் நுனியில் ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி இருக்கிறது, கொதிக்க வைத்தாலும் அது லேசில் சாகாது என்பார். ஆய்வக அடுப்பில் மணிக்கணக்காகச் சுட்டெடுத்த குழாய்களைத்தான் நம்புவார்.

ஒரு வருடம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்து ஈஸ்டிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தோம். ஆல்கஹால் ஊற்றினால் வெள்ளையாகத் திரண்டு இறங்க வேண்டும். கலங்கக்கூட இல்லை. மறுபடி செய்தோம், அதே கதை. அக்கா ஒவ்வொருவர் கையாகப் பார்த்து முறைத்தார். தண்டபாணிதான் மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், சுட்டு வச்ச குழாய் எல்லாத்துக்கும் வாயில சந்தனம் பூசி பொட்டு வச்சீங்களே..."

"யாரு, நானா?"

"நீங்கதாங்க. பூஜையில வைக்காத சாமான் கோவிச்சுக்கும்னீங்க. அப்புறம் நான் துணியால தொடச்சு வச்சேன்."

அக்கா தன் விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சாமி கோவிச்சுக்கல. ஆர்.என்.ஏ.தான் கோவிச்சுக்கிச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. எதைக் கேட்டாலும் பயம். "அக்கா, இவ்ளோ பொல்லாத கையால கொழந்தையத் தொடலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா தொடுடி. ஆர்.என்.ஏ.வைத் தொடாத, அவ்ளோதான்."

பிறகு என்னை உட்காரவைத்துச் சொன்னார். மரபணு என்பது உள்ளே பத்திரமாக இருக்கும் மூலம். அதிலிருந்து எடுத்த நகல்தான் ஆர்.என்.ஏ. அந்த நகலைப் படித்துத்தான் செல் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்கிறது. வேலை முடிந்த நகலை நொதி வெட்டிப் போட வேண்டும். வெட்டாவிட்டால் செல் அதையே செய்துகொண்டிருக்கும். "சொன்னதையே சொல்லிக்கினு இருந்தா அதுக்குப் பேரு செல் இல்ல, எங்க பெரியத்தை," என்றார். "எழுதறது மட்டும் உயிர் இல்லடி. நேரம் பாத்துக் கிழிக்கிறதும் உயிர்தான்."

இன்னொரு நாள் சென்னையில் ஏதோ ஆய்விதழ் படித்துவிட்டு வந்தவர், பேருந்து நிலையத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். வைரஸ் நுழைந்ததை உணர்ந்தால் செல் தனக்குள் ஒரு கத்தரியை எழுப்புகிறதாம். அது வைரஸின் ஆர்.என்.ஏ.வையும் வெட்டும், தன் சொந்த ஆர்.என்.ஏ.வையும் வெட்டும். ஃப்ளூ வைரஸோ நம் செல்லின் நகலில் தலைப்பகுதியை நறுக்கித் தன் நகலுக்கு மாட்டிக்கொள்கிறதாம். "ரெண்டு பக்கமும் கத்திரி! கண்ணுக்கே தெரியாத எடத்துல எவ்ளோ பெரிய சண்டை பாரு," என்றார். மலையை முதல் முறையாகப் பார்ப்பவரின் முகம் போல இருந்தது அவர் முகம்.

அவர் இறந்த அன்று மதியம் என் மகளுக்குக் காய்ச்சல் ஏறியது. மூச்சு வாங்கினால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். விலா எலும்பு உள்வாங்குகிறதா என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டம்மை வைரஸின் மரபுப்பொருளே ஆர்.என்.ஏ.தான். அனலாய்ச் சுடும் அந்தச் சின்ன உடம்புக்குள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், எத்தனை கத்தரிகள் விழித்திருக்கும்! அந்தப் பயத்திலும் கும்பிடத் தோன்றியது.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. கத்தரிகள்தான் காப்பாற்றின என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அக்காவும் ஒத்துக்கொள்ள மாட்டார். "நமக்குத் தெரிஞ்சது ரொம்பக் கம்மிடி" என்பார். "ஆத்தா எறங்கிட்டா" என்றார் மாமியார். நான் மறுக்கவில்லை. மகள் எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதும்மா" என்றாள்.

கஞ்சி ஊட்டும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. தன் வீட்டையே வெட்டத் தொடங்கிய கத்தரிக்குச் சண்டை முடிந்ததும் போதும் என்று சொல்வது எது? திங்கட்கிழமை அக்காவைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் அவர் இல்லை என்பது உறைத்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். "ஏம்மா?" என்றாள் மகள்.

கேள்வி என்னிடம் இருக்கிறது. அவர் எனக்கு விட்டுச் சென்றது அதைத்தான்.