மாத்திரை போட்டுக்கொண்டு எடுத்த பரிசோதனை

தாத்தாவைப் பார்த்துக் கை நீட்டும் பிள்ளையை, அந்தத் தாத்தா பார்த்துக்கொண்டிருக்கும்போதே எப்படித் தடுப்பது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் மாமனாருக்கு நடுக்குவாதம். அறந்தாங்கியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். கை நடுக்கத்தைவிட என்னைப் பயமுறுத்துவது அவருடைய கால்கள்தான். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நன்றாகவே நடப்பார். அடுத்த மாத்திரைக்கு நேரம் நெருங்கும்போது, திரும்புகிற இடத்தில் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு மட்டும் திரும்பிவிடும். அந்தச் சமயம் பார்த்துத்தான் என் மகளைத் தூக்குவார். அவளுக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை.

ஒருவர் எவ்வளவு நிலையாக நிற்கிறார் என்பதை அளக்க முடியும் என்று படித்துவிட்டு, புதுக்கோட்டையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கியது நான்தான். கணவர் குவைத்தில் இருக்கிறார். கூட வந்தவர் என் நாத்தனார்.

அன்று காலை மாமாவுக்குச் சவரம், சலவை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. சம்பந்தம் பேசப் போகிறவரைப் போலக் கிளப்பினோம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே நாத்தனார் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்தார்.

"இன்னும் நேரம் ஆகலையே அண்ணி."

"டாக்டர் முன்னாடி அப்பா தடுமாறிக்கிட்டு நிக்கணுமாக்கும்? மருமக சரியாக் கவனிக்கலைன்னு ஒன்னயத்தான் சொல்லுவாங்க."

டோக்கன் கூப்பிடுவதற்குள் மாத்திரை வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார்கள். தரையில் ஒட்டியிருந்த கோடுவரை நடந்து, திரும்பி, வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார்கள். ஒரு பலகைமேல் கண்ணை மூடி நிற்கவைத்தபோது, அவருடைய ஆட்டம் திரையில் கோடாக ஓடியது. கடைசியாக மருத்துவர் பின்னால் நின்று தோள்களைச் சட்டென்று இழுத்தார். மாமா ஓரடி பின்வைத்து நின்றுகொண்டார். வீட்டில் மாத்திரை ஓயும் நேரத்தில் நான் பார்க்கிற மாமா இல்லை அவர்!

"சார், இப்பத்தான் மாத்திரை..." என்று தொடங்கினேன்.

"இவ எல்லாத்துக்கும் பயப்படுவா சார். பிள்ளை தும்முனாலே ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிருவா" என்றார் நாத்தனார்.

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். மருத்துவரும் சிரித்தார். மாத்திரை எப்போது போட்டார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? இத்தனை கருவிகள் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு கேள்வி தோன்றவில்லையே என்று நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது. சமநிலை பரவாயில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம், மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் திரும்பினார் மாமா. கால்கள் வரவில்லை. அப்படியே பின்னால் சாய்ந்தார். நான் பாய்ந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டேன். அவர் கதவு நிலையில் மோதிச் சரிந்து உட்கார்ந்தார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பிள்ளை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது.

போனில் கணவரிடம் சொன்னேன். "ரிப்போர்ட்ல நல்லா இருக்குன்னுதானே போட்டிருக்கு? ஒரு தடவை தடுமாறுனதுக்கு அப்பாட்ட பிள்ளையக் குடுக்காம இருப்பியா?" என்றார். ரிப்போர்ட், ரிப்போர்ட்! மாமாவுக்கு நல்ல வேட்டி கட்டிவிட்டதைப் போலத்தான் அந்த ரிப்போர்ட்டையும் தயார் செய்தோம் என்று கத்தினேன்.

அன்றிலிருந்து மாமா பக்கத்தில் வரும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுகிறேன். நேற்று கேட்டேவிட்டார்: "ஏன் தாயி, விழுந்தா நான்ல விழுவேன்? பிள்ளைய விட்ருவேனா?"

விடமாட்டார். அதுதான் என் பயமே. அவளைக் கட்டிப்பிடித்தபடியேதான் விழுவார். இதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வேன்?

மாத்திரையை நானாகத் தள்ளிப்போட மாட்டேன். அது ஆபத்து என்று தெரியும். மருந்தின் வேகம் குறைகிற நேரத்தில் இன்னொரு முறை அளந்து பாருங்கள் என்று மருத்துவரிடம் கேட்கலாமா? எல்லோர் முன்னாலும் மாமாவைத் தடுமாற வைப்பது கொடுமை என்கிறார் நாத்தனார். சில நேரம் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள்: மருத்துவரிடம் எப்படிக் கேட்டீர்கள்? அதற்கும் முன்னால், பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்று அவரிடம் எந்த வார்த்தையில் சொன்னீர்கள்?