வெளுத்த பூவும் நான் குடித்த கழுநீரும்

அப்பா திருச்சி ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. சீமைக்குக் கிளம்பிய துரை ஒருவர் தம் பூச்சட்டிகளில் ஒன்றை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஆர்க்கிட் என்று பேர். பூவின் அடியிதழ் செருப்பு முனை மாதிரி குவிந்திருக்கும், தாமிர நிறத்தில் கருஞ்சிவப்புப் புள்ளிகளோடு பூக்கும் என்று சொன்னாராம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் கிணற்றடி நிழலில் அது முதல் தடவை பூத்தபோது தாமிரமும் இல்லை, புள்ளியும் இல்லை. வெளிர்பச்சையும் வெள்ளையுமாக, சாயம் போன துணி மாதிரி நின்றது.

துரை கொடுத்த செடியைக் கெடுத்துவிட்டோமோ என்று அப்பா பயந்துபோனார். அத்தைக்கோ முகமெல்லாம் மலர்ச்சி. அப்பாவின் அக்கா அவள். என் கல்யாணக் கவலையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவள். எனக்குப் பதினெட்டு வயது, நல்ல கருப்பு. பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "நிறம் கொஞ்சம் மட்டு" என்று போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர் துறையூர் வாத்தியார் ஒருவர்தான். அதுவும் தட்டிப்போனால், மருங்காபுரியில் மூன்று குழந்தைகளோடு இருந்த ஒருவருக்கு என்னை இரண்டாம் தாரமாகக் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது.

"கருஞ்சிவப்பாப் பூக்க வேண்டியது நம்மாத்துலே இப்படி வெளுத்திருக்கே. இவளுக்கும் அதையே பண்ணினா என்ன?" என்றாள் அத்தை.

அன்றிலிருந்து செடிக்கு என்னவோ அதுவே எனக்கும். வெயில் கூடாது. காலையில் அரிசி கழுவிய தண்ணீர், செடிக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு டம்ளர். செடிக்கு எரு அதிகம் ஆகாதென்று துரை சொல்லியிருந்தாராம். ஆகவே எனக்கு ராத்திரிச் சாப்பாடு நின்றது. சட்டியில் கரித்துண்டு கிடந்ததால் என் பாய்க்கு அடியிலும் கரி.

"பெருமாளே கருப்புதானே அத்தை?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"பெருமாளைப் பொண் பார்க்க யார் வரப்போறா? வாயை மூடிண்டு குடி."

துறையூர்க்காரர்கள் வந்த அன்று நான் நிஜமாகவே வெளுத்திருந்தேன். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. நமஸ்காரம் பண்ணி எழுந்தபோது எனக்குக் கண்ணை இருட்டியது, தூணைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளையின் அம்மா என்னைக் கிட்டே இழுத்து, கீழ் இமையை விரித்துப் பார்த்தாள்.

"பொண்ணுக்கு ரத்தமே இல்லையே. சோகை. சீக்குக்காரியை எங்க தலையிலே கட்டப் பார்க்கறேளா?" என்று எழுந்துவிட்டாள்.

மருங்காபுரிக் குழந்தைகள் மூன்றும் என் கண் முன்னால் வந்து நின்றன. அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன.

"சோகை இல்லை மாமி. நான் கருப்பு. கிணத்தடிப் பூ மாதிரி வெளுக்கணும்னு பட்டினி போட்டிருக்கா. வெயில்லே விட்டா ஒரே மாசத்துலே காட்டறேன்" என்றேன்.

மாமி நம்பவில்லை. அப்பா ஓடிப்போய் அடுத்தாத்து மாமியைச் சாட்சிக்குக் கூட்டிவந்தார். "அடுப்புக்கரி தோத்துடும்" என்று அவள் மனசாரச் சொன்னாள். அதுவும் போதவில்லை. கடைசியில், என்னை வெளுக்கவைக்க அத்தனை பாடுபட்ட அத்தையே கோபுரத்துப் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினாள்.

"பெருமாள் சத்தியமாச் சொல்றேன். எங்காத்துப் பொண் அட்டைக் கருப்பு."

அவள் குரல் உடைந்தது. என் நிறத்தை எனக்குப் பரிந்து ஒருவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். வாத்தியாரும் என் பழைய நிறம்தான். தலையைக் குனிந்து சிரித்தார்.

மாமி மெல்ல உட்கார்ந்தாள். கிணற்றடிப் பூவை எட்டிப் பார்த்து, "அதையும் பட்டினி போட்டேளா?" என்றாள்.

"இல்லை, அது பிறவியே அப்படியோ என்னவோ" என்றார் அப்பா.

மாமி தனக்கு வைத்த பஜ்ஜித் தட்டை என் பக்கம் தள்ளினாள். "பேசினது போறும். முதல்லே நீ சாப்பிடு."

சாப்பிட்டேன். ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.