டாங்கி சுற்றிப்போன நாற்பத்தொரு கல்

பட்டாளத்துப் பயிற்சி மைதானத்தில் ஆதிமனிதன் செதுக்கிய கற்களைத் தேட ஆள் எடுத்தபோது, சல்லியக்கா முதல் ஆளாகப் போய் நின்றாள். பதினெட்டு வருடம் ரோட்டுக்குச் சல்லி உடைத்தவள். பேரே அதனால் வந்ததுதான். கல்லைப் பற்றித் தனக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று ஒரு மிதப்பு.

அந்த மிதப்பு மூன்றாம் நாளே அவளைக் கவிழ்த்தது. தொல்லியல் ஆய்வாளர் அளவு நாடா எடுக்க ஜீப்புக்குப் போய்த் திரும்புவதற்குள், தரையில் சிதறிக் கிடந்த கற்களையெல்லாம் பொறுக்கி, பெருசு சிறுசு என்று அழகாகக் குவித்துவிட்டாள். கை பழகிய பழக்கம்.

ஆய்வாளருக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ அக்கா! எது எங்க கிடந்துச்சுன்னு குறிச்சாத்தானே இந்த இடத்தைக் காப்பாத்த முடியும்!"

காவலுக்கு வந்திருந்த கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணி வரைக்கும்தான் மேடம். குறிக்க ஒண்ணும் இல்லேன்னா நாளைக்கு இது மேலதான் டாங்கி ஓடும்."

"சல்லி ஏத்த லாரிக்குச் சொல்லி அனுப்பட்டுமாக்கா?" என்றாள் கூட வேலை செய்தவள்.

"வாயை மூடுடி. கலைச்சவளுக்கு அடுக்கத் தெரியாதா?"

மண்டி போட்டாள். மழையில் ஊறி வெயிலில் இறுகிய மண். ஒவ்வொரு கல்லும் கிடந்த இடத்தில் தன் அச்சைப் பள்ளமாக விட்டிருந்தது. கல்லின் மேல்பக்கம் கறுத்து, அடிப்பக்கம் வெளுத்திருந்தது. வெளுத்ததைக் கீழே வைத்து, பள்ளம் பள்ளமாகப் பொருத்தினாள். ஆடினால் அது இல்லை. அசையாமல் உட்கார்ந்தால் அதுதான்.

கேப்டனுக்கு நம்பிக்கையில்லை. ஒன்றை எடுத்துப் பக்கத்துப் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். நொண்டியது.

"உங்க பூட்ஸை மாட்டிக்கிட்டு நான் நடக்க முடியுமா சார்?"

சிரித்துவிட்டார். அப்புறம் அவரும் குனிந்தார்.

மூன்றரைக்கு நாற்பத்தொன்றும் இடம் சேர்ந்தன. கலைந்ததையும் திருப்பி வைத்ததையும் மறைக்காமல் எழுதிக்கொண்டே ஆய்வாளர் ஒவ்வொன்றாகக் குறித்தார். அருகருகே கிடந்த இரண்டு துண்டைச் சேர்த்துப் பிடித்தாள் சல்லியக்கா. கச்சிதமாக ஒட்டின.

"இங்கேயே உக்காந்து உடைச்சிருக்கான். எங்க ஆளு!"

கேப்டன் நாலு மூலையிலும் கம்பம் நடச் சொன்னார்.

மறுநாள் டாங்கிகள் உறுமிக்கொண்டு வந்து, கம்பத்தருகே ஒடித்துத் திரும்பி, சுற்றிப் போயின. இடுப்பில் கை வைத்துக் கடைசி வண்டி வரை பார்த்தாள்.

மாலையில் புருஷன் கேட்டான்: "இன்னைக்கு என்னத்த வெட்டி முறிச்ச?"

"பட்டாளத்தையே ஒதுங்கிப் போக வச்சேன். நீ கொஞ்சம் தள்ளி உக்காரு."