நாற்பது டிகிரி

டீ வந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் தொட்டிருக்கமாட்டார். மேலே ஆடை படிந்து, டம்ளர் கைக்குச் சுடாமல் ஆன பிறகுதான் எடுப்பார். "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கணும்ல?" என்பார், யாரும் கேட்காமலே. தொழிற்சாலையில் அவருக்கு 'ஆறட்டும் அண்ணன்' என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது.

மின்னடுப்பின் மேலே பதிக்கிற தகடுகள்தான் அங்கே செய்வது. உருகிய கண்ணாடியை அச்சில் விட்டு அழுத்தினால் இரண்டு நாணயக் கனத்தில் தகடு வரும். அப்போது அது தண்ணீர் மாதிரித் தெளிவு. கொஞ்சம் சூடு பட்டாலே விரிசல் விட்டுவிடும். அவர் வேலை அதற்குப் பிறகு. ஒட்டாமலிருக்க நடுவே வெள்ளைப் பொடி தூவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே கனமான பலகைக்கல் வைத்து உலையில் ஏற்றுவார். இரண்டு கட்டமாகச் சூடு. வெளியே வரும்போது பால் நிறமாகியிருக்கும். நெருப்பில் காட்டிப் பச்சைத் தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

ஆனால் ஆற்றுவதில் அவசரப்பட்டால் தகடு நெளிந்துவிடும். அது பழைய உலை. கால் மணிக்கொரு தடவை சூட்டைக் கையால் குறைக்க வேண்டும். நாற்பது டிகிரிக்கு இறங்காமல் கதவைத் திறக்கமாட்டார், மேலாளர் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாலும் சரி. "குதிங்க சார், அதுக்காக அது ஆறிடாது."

வீட்டிலும் இதே கதைதான். ஆறுகிறவரை குக்கர் மூடியைத் திறக்க விடமாட்டார். "உங்கப்பா மூடியத் திறக்க விடுறதுக்குள்ள என் பசியே ஆறிடும்" என்று மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்று காலை அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மகள் போன் செய்தாள். "அம்மா உங்களைத்தான் கேக்குறாங்க. உடனே வாங்கப்பா." உலையில் முந்நூறு டிகிரி. மாற்று ஆள் லீவு. "கொஞ்சம் ஆறட்டும்மா, இறக்கி வச்சுட்டு வந்துடுறேன்" என்றார். ஆறு மணி நேரம் ஆனது. அவர் போய்த் தொட்டபோது மனைவியின் கை சில்லிட்டிருந்தது.

அன்றிலிருந்து மகள் பேசவில்லை. இவரும் தேடிப் போகவில்லை. பிள்ளை கொதித்துப் போயிருக்கிறாள், இப்போது போய்க் கதவைத் தட்டினால் காரியம் கெட்டுவிடும் என்பது அவர் எண்ணம். உலைக்கு முன்னால் முப்பது வருடம் உட்கார்ந்த மனிதருக்கு வேறு வழி தெரியவில்லை, பாவம். "பெத்த பொண்ணு, எங்க போயிடுவா? ஆறட்டும்."

போன ஞாயிற்றுக்கிழமை அவளே வந்தாள். உட்காரவில்லை.

"நாளைக்குக் கிளம்புறோம். அவருக்கு வெளிநாட்டுல வேலை கெடச்சிருக்கு. இனிமே இங்க வர்றதா இல்ல. அம்மா போட்டோ வேணும்."

அவர் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். டீ போட்டுக் கொண்டுவந்து மேசையில் கிடந்த வெள்ளைத் தகட்டின் மேல் வைத்தார். எப்படியாவது அவளை உட்காரவைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

"இரும்மா. டீ ஆறட்டும்."

அவள் தகட்டைப் பார்த்தாள். "இது ஏது?"

"அன்னிக்கு இறக்குனதும்மா."

எந்த நாள் என்று அவள் கேட்கவில்லை. "அதுல எத்தனை நெளிஞ்சுச்சு?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

பழக்க தோஷம், அதைச் சொல்லும்போது குரலில் பெருமை வந்துவிட்டது. வந்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

அவள் போட்டோவைப் பையில் வைத்துக்கொண்டாள். "வர்றேன்பா."

படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. அவள் தொடாத டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார். ஊதவில்லை. கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்தார்.