மைக்கில் பேர் சொல்லாத காசு

முன்பணம் இல்லாத ஆர்டர்

மைக்செட் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்பது ஒன்று: எலக்‌ஷன் ஆர்டர் எடுக்கலாமா, வேண்டாமா? எடுங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு எடுங்கள். நான் முன்பணம் வாங்காமல் எடுத்த ஒரே எலக்‌ஷன் எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. அந்த மாதிரி ஒரு வேலை அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஆம்ப்ளிபயர், சில ஹார்ன்கள், கரண்ட் போனால் ஓட்ட ஒரு பேட்டரி, அவ்வளவுதான் சொத்து. ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் ராப்பகலாக ஓடும். மற்ற நாளில் கல்யாணம், காதுகுத்து, சினிமா விளம்பரம். கட்சிக்காரர்கள் என்றாலே எனக்கு எரிச்சல். கூட்டம் முடிந்து வாடகை கேட்டால், "தலைவரைக் கேளு" என்பார்கள். தலைவரின் கார் அதற்குள் அரக்கோணம் தாண்டியிருக்கும்.

அப்படிப்பட்ட என் கடை வாசலில் ஒருநாள் சைக்கிளில் வந்து இறங்கினார் கன்னியப்பன் வாத்தியார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டுச் சுயேச்சையாக நிற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது, நல்ல மனுஷனுக்குப் புத்தி கெட்டுவிட்டதே என்று நினைத்தேன்.

"ஏழுமலை, மைக்செட் வேணும்பா. முன்பணம் குடுக்க எங்கிட்ட துட்டு இல்ல," என்றார்.

"துட்டு இல்லாமதான் எலக்‌ஷன்ல நிக்கிறீங்களா வாத்தியாரே? வேற வேல இல்லியா உங்களுக்கு?"

அவர் சிரித்தார். "கூட்டத்துல ஜனங்க குடுப்பாங்க. குடுக்கறவங்க பேர நீ மைக்ல சொல்லணும். மைக்ல பேர் சொல்லாத காசு ஒரு பைசாகூட நமக்கு வேணாம். இவன் யார் துட்டுல நிக்கிறான்னு ஊருக்கே தெரியணும், இல்ல?"

எத்தனையோ பேர் என்னிடம் எத்தனையோ விதமாகக் கடன் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, அதற்காக வீட்டில் என் பெண்டாட்டியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

துண்டு ஏலம்

நெசவுத் தெருக்களில் வேட்பாளருக்குப் பூமாலை போடமாட்டார்கள். தங்கள் தறியில் நெய்த துண்டைப் போர்த்துவார்கள். பேச்சு முடிந்ததும் வாத்தியார் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தோளிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டுவார். நான் ஏலம் விட வேண்டும். எடுத்தவர் பேரையும் தெருவையும் மைக்கில் சொல்ல வேண்டும். அந்தக் காசில்தான் எங்கள் வண்டிக்குப் பெட்ரோல், என் வாடகை, எல்லாருக்கும் டீ.

அவர் பேச்செல்லாம் நூலைப் பற்றித்தான். அந்த வட்டாரத்துக்கு ஒரே ஒரு பெரிய நூல் கடை. சரக்கு வரவில்லை என்று முதலாளி கை விரிப்பார். குடோனில் கூரை வரைக்கும் நூல் பண்டில் அடுக்கியிருக்கும். அவர் சொன்ன விலைக்கு வாங்கினால் தறி ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். என் அக்காவை ஆர்.கே.பேட்டையில்தான் கொடுத்திருந்தோம். அக்கா புருஷன் பாவாவுக்குச் சொந்தத் தறி இரண்டு. அதில் ஒன்று நூல் இல்லாமல் மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. மற்றதும் நின்றால் கண்டவனிடம் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

"நான் ஜெயிச்சா நூலு நேரா நெசவாளர் சொசைட்டிக்கு வரும். இது என் வாக்கு," என்பார் வாத்தியார். பாவா அதைச் சாமி வாக்கு மாதிரி நம்பினார். நானும்தான் நம்பினேன்.

சிலர் மைக்கை முழுங்கப் போகிறவர்கள் போல வாயை வைத்துக்கொண்டு கத்துவார்கள். வாத்தியார் ஒரு சாண் தள்ளி நின்று, வீட்டுக்கு வந்தவரிடம் பேசுகிற மாதிரி பேசுவார். வால்யூமைக் குறைத்தே வைத்திருப்பேன். ஆனாலும் கடைசி வீட்டில் ராட்டை சுற்றுகிற பெண்களுக்கும் கேட்கும்.

ஒரு ஊரில் ஏலம் நடக்கும்போது காந்தம்மா என்றொரு பெண்பிள்ளை எழுந்து, "துட்டு இல்லபா, கோழி இருக்குது. எட்துக்கிறியா?" என்றாள்.

வாத்தியாரைப் பார்த்தேன். தலையாட்டினார். "காந்தம்மா, கோழி ஒண்ணு! ஒரு தரம்!" என்றேன்.

"யோவ் ஏழுமலை, கோழிய மேடைல ஏத்தாதய்யா, மைக்க கொத்திடப் போவுது!" என்று ஒருத்தன் கத்த, தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. துண்டு காந்தம்மாவுக்குப் போயிற்று. கோழியை அடுத்த ஊரில் ஏலம் விட்டோம். அங்கே அதற்குப் போட்டா போட்டி.

அப்பா, அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்கமாட்டோமா என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தக் கொஞ்ச நாள், என் தொழில் வெறும் சத்தம் போடுகிற தொழில் இல்லை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

கடைசிக் கூட்டம்

பிரசாரம் முடிகிற நாள் சாயங்காலம் திருத்தணியில் கூட்டம். மற்ற வேட்பாளர்களின் ஜீப்புகள் கடைத்தெருவில் பறந்துகொண்டிருந்தன. எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு வேன், அதுவும் தள்ளினால்தான் கிளம்பும். வாத்தியார் முகத்தில் களையே இல்லை. பாவா டவுன் பஸ் பிடித்து வந்து, தான் நெய்த சிவப்புக் கரைத் துண்டைப் போர்த்திவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அந்தத் துண்டை ஏலத்துக்கு எடுத்தேன். ஓரத்தில் நின்றிருந்த சுப்பராயலு கையைத் தூக்கி ஒரு தொகை சொன்னான். எங்கள் மொத்தக் கூட்டங்களிலும் சேர்ந்த வசூலைவிடப் பெரிய தொகை. ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். சுப்பராயலு நூல் கடையில் கணக்கு எழுதுகிறவன். அது தெரியாதவர் ஊரில் இல்லை.

"பேர் சொல்லுங்க," என்றேன் மைக்கில். எல்லாரிடமும் கேட்பதுதான்.

"பேரெல்லாம் எதுக்குபா? முருக பக்தர் ஒருத்தருன்னு சொல்லிடு."

வாத்தியார் கிட்டே வந்து மைக்கைக் கையால் மூடினார். "அப்படியே சொல்லிடு ஏழுமலை."

"வாத்தியாரே, அது நூல் கடைக்காரர் துட்டு!"

"தெரியும்பா. பூத்துல உக்கார்றவங்களுக்குச் சோறு போட வாணாவா? வண்டிக்குப் பெட்ரோல் வாணாவா? தோத்துட்டா நூல எங்கிருந்து வாங்கித் தர்றது? இந்த ஒரு தபா மட்டும்."

"என் வாயால வராது. நீங்களே சொல்லிக்குங்க," என்று மைக்கை அவர் கையில் கொடுத்தேன்.

வாங்கினார். "முருக பக்தர் ஒருவர்..." என்றார். எப்போதும் தள்ளி நிற்பவர் அன்றைக்கு மைக்கை ஒட்டி நின்று சொன்னார். ஜனங்கள் கைதட்டினார்கள். சுப்பராயலு துண்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான்.

ஒயரைச் சுருட்டும்போது பாவா பக்கத்தில் வந்து நின்றார். "துண்டு போனா போவுது மச்சான். நூல் வருமா?" என்றார்.

"வரும் பாவா, வாத்தியார் சொன்னா செய்வாரு," என்றேன். எனக்கே நம்பிக்கை பாதியாகிவிட்டிருந்தது.

வாத்தியார் ஜெயித்தார். நூல் வரவில்லை. சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானும் பாவாவும் அவர் வீட்டுக்குப் போனோம். முன்ரூமில் சுப்பராயலு பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். சொந்த வீடு மாதிரி, "வாங்க, உக்காருங்க" என்று எங்களை வரவேற்றான். வாத்தியார் உள்ளே இருந்து வந்து, "கமிட்டி போட்டுகினு இருக்காங்கண்ணே, ஆவும்," என்றார் பாவாவிடம். பாவாவின் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அடுத்த எலக்‌ஷனில் அவருக்கு மெட்ராஸிலிருந்து மைக்செட் வந்தது. வரிசையாக ஜீப்புகள் வந்தன. முதலாளிகள் காசில் அரசியல் செய்யக் கூடாது என்று அப்போதும் பேசினார். கைதட்டலும் இருந்தது. ஏலம் மட்டும் இல்லை. நான் கூட்டத்தில் ஒருத்தனாக நின்று கேட்டுவிட்டு வந்தேன். அதற்கும் அடுத்த எலக்‌ஷனில் டெபாசிட்டே போயிற்று. பாவா அதற்கு முன்பே தறிகளை விற்றுவிட்டு, அந்த நூல் கடை முதலாளி போட்ட பவர்லூம் ஷெட்டில் கூலிக்குச் சேர்ந்திருந்தார்.

ஷெட்டில்

சில வருஷம் கழித்து வாத்தியார் டவுன் பஸ்ஸில் வந்து என் கடையில் உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

"உங்க பாவா எப்படி இருக்காரு?"

சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

டீயைப் பாதியில் வைத்துவிட்டார். "என்ன ஒரு தபா அங்க இட்டுகினு போறியா?"

கோபம் இருந்தது, இல்லாமலா? ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன். ஷெட்டுக்குள் தறிகள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது. கூலிக்கு ஓட்டுகிறவன் தறியை நிறுத்தவும் முடியாது. வாத்தியார் பாவாவுக்கு ஒரு சாண் தள்ளி நின்று பேச ஆரம்பித்தார். மேடையில் ஆட்டுகிற மாதிரியே கையை ஆட்டினார். பாவா அறுந்த இழையை முடிந்துகொண்டே தலையாட்டினார். வாசலில் நின்ற எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வெகுநேரம் பேசிவிட்டு வெளியே வந்தவர், நேராகப் போய் பஸ் ஏறிவிட்டார்.

இந்தத் தொழிலில் நான் படித்த பாடம் ஒன்றுதான், பிள்ளைகளே. பேர் சொல்லக் கூசுகிற காசு மேடைக்கு வந்துவிட்டால், அந்த மேடையில் அதுவரைக்கும் சொன்னது எதுவும் நடக்காது. சொன்னவர் நல்லவராகவே இருந்தாலும் நடக்காது.

ஷிப்ட் விட்டு வந்த பாவாவிடம் கேட்டேன். "இன்னா சொன்னாரு?"

"எங்க கேட்டுது? அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல மச்சான்."

"அப்பறம் எதுக்கு தலய ஆட்டிகினே இருந்தீங்க?"

பாவா கையிலிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டார். "முன்ன மாதிரியே பேசினாருடா. நிறுத்தச் சொல்ல மனசு வரல."